மூடியில் துளையிட்ட பெட்டி

கோடை விடுமுறைக்கு முந்தைய ஞாயிறுகளில் தேனாம்பேட்டைப் பக்கம் எந்தச் சபைக்குப் போனாலும் வாசலருகே ஒரு மேசை கண்ணில் படும். ஆராதனை முடிந்து வெளியே வருகிற கூட்டத்துக்கும் பைக் எடுக்கிற கூட்டத்துக்கும் நடுவில் அதைப் போட்டிருப்பார்கள். மேலே கூப்பன் புத்தகங்கள், ஒரு சில்லறை டப்பா, லேமினேட் செய்த கியூஆர் அட்டை. பின்னால் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர். "அங்கிள், சம்மர் கேம்ப் பில்டிங் ஃபண்ட். ஒரு புக்கு எடுத்துக்கோங்க." கூப்பனில் மலைச்சரிவும் ஓட்டுக் கூரையும் சிலுவை வைத்த நுழைவு வளைவுமாக, கம்ப்யூட்டரில் வரைந்த ஒரு படம். கீழே பட்டியல்: ஒரு கட்டில் இவ்வளவு, ஒரு மின்விசிறி இவ்வளவு, ஒரு ஜன்னல் இவ்வளவு. அங்கிள் ஐந்நூறு ரூபாயை நீட்டுகிறார். கிழித்துக் கொடுத்த கூப்பனைச் சட்டைப் பையில் மடித்து வைக்கிறார். திங்கட்கிழமை அது சட்டையோடு வாஷிங் மெஷினுக்குப் போகிறது.

அந்தக் கட்டில் வாங்கப்பட்டதா, வாங்கிய கட்டிலில் எந்தப் பிள்ளை படுத்தது, அந்த அறைக்கு இன்னொரு வாசல் இருந்ததா என்று அவர் கேட்பதில்லை. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சம்தான் பாதிக் காரணம். காணிக்கை கொடுத்த பிறகு கணக்குக் கேட்பது விசுவாசக் குறைவு என்று சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள்.

வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. இராஜாக்களின் இரண்டாம் புத்தகம், பன்னிரண்டாம் அதிகாரம், கிட்டத்தட்ட ஒரு கட்டட நிதி விவகாரம். ஆலயத்தைப் பழுதுபார்க்கப் பணம் வசூலிக்கும்படி யோவாஸ் ராஜா ஆசாரியர்களிடம் சொல்கிறான். அவன் ஆட்சியின் 23ஆம் ஆண்டு வரை வேலை நடந்தபாடில்லை. பிறகு யோய்தா என்ற ஆசாரியன் ஒரு பெட்டியின் மூடியில் துளை போட்டுப் பலிபீடத்தின் அருகே வைக்கிறான். பெட்டி நிறைந்ததும் ராஜாவின் கணக்கனும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணிப் பையில் கட்டுகிறார்கள். பணம் தச்சருக்கும் கொத்தனுக்கும் போகிறது. வேலை நடந்தவரை அந்தப் பணத்தில் வெள்ளிக் கிண்ணமோ எக்காளமோ செய்யவில்லை என்றும் அதே அதிகாரம் குறித்து வைத்திருக்கிறது. கை வைக்க முடியாத பெட்டி, எண்ணுவதற்கு இரண்டு பேர், சொன்ன காரியத்துக்கு மட்டும் செலவு. இன்றைய ஆடிட்டரும் இந்த மூன்றைத்தான் தேடுகிறார். (வேலையாட்களிடம் மட்டும் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்றும் அங்கே ஒரு வரி உண்டு. கமிட்டிக்காரர்கள் அந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள்.)

ஞாயிறு ஆராதனையில் சுற்றி வருகிற பையில் போடுவதும் மேசையில் கட்டட நிதிக்கென்று கொடுப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. முதலாவது பொதுக் காணிக்கை. இரண்டாவது குறிப்பிட்ட நோக்கத்துக்காக ஒப்படைத்த பணம். கழிப்பறை கட்டுவதற்கென்று வாங்கியதை மேடை அலங்காரத்துக்குத் திருப்பினால், அது நிர்வாகத்தின் விருப்பம் என்று சொல்லித் தப்ப முடியாது. நம்பிக்கை மோசடி என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை எழுத்தில் வைப்பது நல்லது. ரசீதின் ஓரத்தில் 'முகாம் கழிப்பறைக் கட்டடத்துக்கு' என்று மூன்று சொல், அல்லது வங்கிப் பரிமாற்றத்தின் குறிப்பில் அதே மூன்று சொல் போதும்.

பெயர் எழுதாத கூப்பனால் வசூலிப்பவருக்கே சிக்கல் வரும். முழுக்க மத நோக்கம் கொண்ட அறக்கட்டளைக்கு யார் கொடுத்தது என்று தெரியாத காணிக்கை வரி வலைக்குள் வராது. ஆனால் முகாமை நடத்துவது 'சமூகத் தொண்டு' என்று பதிவான அறக்கட்டளையாக இருந்தால் கதை வேறு. மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது 1 லட்சம் ரூபாய், இதில் எது அதிகமோ அதற்கு மேல் போகிற பெயரில்லாப் பணத்துக்கு 30 சதவீத வரி. அடிக்கட்டையில் பெயரும் முகவரியும் எழுதச் சோம்பல்படுகிற வாலிபர் சங்கம், கட்டப்போகிற அறையில் ஒரு சுவரை வரியாகக் கட்டிக்கொண்டிருக்கலாம். ஒரே ஆளிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவும் தடை உண்டு. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம்.

அடுத்து, கொடுத்த பணத்துக்கு வருமான வரிக் கழிவு கிடைக்குமா என்று எல்லாரும் கேட்கிற கேள்வி: "80ஜி இருக்கா, பிரதர்?"

இருக்கிறது என்று சட்டென்று பதில் வந்தால் சற்று நிதானிக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட மதத்தாருக்கோ சாதியாருக்கோ மட்டும் என்று அமைந்த நிறுவனத்துக்கு 80ஜி சலுகை பொதுவாகக் கிடையாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்து வைத்து, மதக் காரியங்களுக்கு வருமானத்தில் 5 சதவீதத்துக்குள் செலவழிக்கிற தொண்டு அமைப்புக்குக் கிடைக்கும். வேதபாட முகாம் மட்டுமே நடத்துகிற ஊழியம் 80ஜி என்று அச்சடித்திருந்தால், எந்த அறக்கட்டளையின் பெயரில் என்று கேட்பதில் தவறில்லை. வழிபாட்டுத் தலத்தின் திருப்பணிக்கே சலுகை கிடைக்கிற இன்னொரு வழியும் உண்டு. அதற்கு மத்திய அரசு அந்தத் தலத்தைப் பெயர் சொல்லி அறிவித்திருக்க வேண்டும். பக்கத்து மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் 2017இல் அப்படி அறிவிக்கப்பட்டது. மலையில் இருக்கிற முகாம் கட்டடம் அந்த வகையில் வராது.

சலுகை உண்மையிலேயே இருந்தாலும் அதில் நாலைந்து முடிச்சுகள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. கட்டிலோ ஃபேனோ கடையில் வாங்கி வண்டியேற்றி அனுப்புகிறவர் புண்ணியம் சம்பாதிக்கலாம், வரிக் கழிவு சம்பாதிக்க முடியாது. பெரும்பாலும் கொடுத்த தொகையில் பாதிக்குத்தான் கழிவு, அதற்கும் உச்சவரம்பு உண்டு. புதிய வரி முறைக்கு மாறிவிட்ட சம்பளக்காரருக்கு அந்தப் பாதியும் கிடையாது. 2021 ஏப்ரலிலிருந்து எல்லா அமைப்புகளும் மறுபதிவு செய்து, காலவரம்புள்ள புதிய எண் வாங்கியாக வேண்டும் என்று ஆகிவிட்டதால், அதற்கு முந்தைய ஆண்டு போட்ட பழைய எண்ணோடு வருகிற ரசீதுப் புத்தகம் காலாவதியான மாத்திரை அட்டை மாதிரி. கையால் எழுதிய ரசீது மட்டும் போதாது. அமைப்பு நிதியாண்டு முடிந்து மே 31க்குள் நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித் துறைக்கு அனுப்பி, 10பிஇ என்ற சான்றிதழை இறக்கித் தர வேண்டும். தாமதித்தால் அமைப்பு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் கட்ட வேண்டும். 2026 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. மேசையில் மட்டும் 80ஜி என்ற பெயர் இன்னும் பத்து வருஷத்துக்குப் புழங்கும்.

டொராண்டோவில் இருக்கிற அண்ணன் அனுப்புகிற பணம் தனிக் கதை. தேனாம்பேட்டையில் வெளிநாட்டில் ஆள் இல்லாத சபைக் குடும்பம் அபூர்வம். அண்ணன் இன்னும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்து, சொந்தச் சேமிப்பை முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடாக் குடியுரிமை எடுத்துவிட்டாரென்றால், ரத்தம் தமிழ் ரத்தமே ஆனாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010இன் கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே அதை வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் வந்து இறங்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளை. பதிவு பெற்ற ஓர் அமைப்பு வாங்கி இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றுவதையும் அதே திருத்தம் நிறுத்திவிட்டது. "எங்களுக்குப் பதிவு இல்லை, பாஸ்டர் அக்கவுண்டுக்குப் போட்டுடுங்க" என்பது உதவி செய்கிற பேச்சு போலத் தோன்றும். சட்டத்தை மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை என்று அதே சட்டத்தில் இருக்கிறது. இதில் பெரியவர், சின்னவர் வித்தியாசமும் இல்லை. அன்னை தெரசாவின் மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டிக்கே 2021 கிறிஸ்துமஸ் சமயத்தில் பதிவுப் புதுப்பிப்பு மறுக்கப்பட்டு, 2022 ஜனவரியில்தான் திரும்பக் கிடைத்தது.

மேசை மேல் இருக்கிற கியூஆர் அட்டைக்கு வருவோம். 2023 ஏப்ரலில் பத்ரிநாத், கேதார்நாத் கோயில்கள் நடை திறந்தபோது, நன்கொடைக்கான கியூஆர் பலகைகள் அங்கே நின்றிருந்தன. கோயில் கமிட்டியே, "நாங்கள் வைக்கவில்லை" என்று போலீசுக்குப் போனது. பிறகு பார்த்தால், பணப் பரிமாற்ற நிறுவனத்தோடு 2018இலேயே கமிட்டி ஒப்பந்தம் போட்டிருந்தது தெரியவந்தது. தங்கள் பெயரில் பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பது வசூலிப்பவருக்கே தெரியாமல் இருக்கலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். மேல் ஒட்டிய ஸ்டிக்கருக்குக் கீழே இன்னொரு ஸ்டிக்கர் இருக்கிறதா என்று நகத்தால் ஒரு தடவை சுரண்டிப் பார்க்கலாம். ஸ்கேன் செய்ததும் வங்கிக் கணக்கில் பதிவான பெயரையே செயலி காட்ட வேண்டும் என்று 2025 ஜூன் முடிவிலிருந்து விதி வந்துவிட்டது. அங்கே அறக்கட்டளையின் பெயருக்குப் பதில் ஒரு தனிநபர் பெயர் வந்தால், ரகசிய எண்ணை அழுத்துகிற விரல் கொஞ்சம் நிற்கட்டும்.

இதுவரை பேசியது பணம் போகிற வழி. போய்ச் சேர்ந்த பணம் என்னவாகிறது என்பதற்கு டெக்சாஸ் வரை போக வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் அந்த மாநிலத்தில், குவாடலூப் ஆற்றங்கரையில், 1926இல் தொடங்கிய கேம்ப் மிஸ்டிக் என்ற கிறிஸ்தவக் கோடை முகாம் இருக்கிறது. சிறுமிகளுக்கானது. நன்கொடையில் நடப்பதல்ல, தனியார் முகாம். சில ஆண்டுகளுக்கு முன்பு சுமார் 50 லட்சம் டாலர் செலவில் அதை விரிவுபடுத்தினார்கள். புதிய தங்கும் குடில்கள் எழுந்தன. வெள்ள அபாயப் பகுதியில் இருந்த பழைய குடில்கள் ஆற்றங்கரையிலேயே இருந்தன. 2025 ஜூலை 4 விடியுமுன் ஆறு பெருகியது. முகாமில் இருந்த சிறுமிகளும் இளம் பொறுப்பாளர்களுமாக 27 பேர் இறந்தார்கள். அந்த ஆறு அப்படிச் செய்தது முதல் தடவையும் அல்ல. 1987 ஜூலையில் அதே ஆற்றின் வெள்ளத்தில், இன்னொரு கிறிஸ்தவ முகாமிலிருந்து பிள்ளைகளைப் பத்திரமாக வெளியேற்றுவதற்காகக் கிளம்பிய பேருந்து சிக்கி, பதின்ம வயதினர் 10 பேர் மாண்டிருந்தார்கள். நடுவில் அந்த வட்டாரத்து நிர்வாகம் அபாய எச்சரிக்கை அமைப்புக்காகச் சுமார் 10 லட்சம் டாலர் மானியம் கேட்டது, கிடைக்கவில்லை. வெள்ளப் பகுதியில் குடில் வைத்திருக்கிற முகாமுக்கு உரிமம் இல்லை என்று டெக்சாஸ் சட்டம் போட்டது 2025 செப்டம்பரில், 27 பேர் போன பிறகு.

ஆகவே வசதியை மேம்படுத்துகிறோம் என்று மேசை போடுகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது எத்தனை கட்டில் என்பதல்ல, கட்டடம் எங்கே நிற்கிறது என்பது. கொடைக்கானல், ஏற்காடு மாதிரி இடமென்றால் சரிவின் மேலா கீழா, ஓடைக்கு எத்தனை அடி, மலைப்பகுதிக் கட்டட அனுமதி எங்கே? கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை அனுமதி இருக்கிறதா, குளிக்கப் போகும்போது பிள்ளைகளோடு நீச்சல் தெரிந்த பெரியவர் எத்தனை பேர்? கூரைக்குக் கீற்று வேயலாமா என்ற கேள்விக்கு 2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீ விபத்து பதில் சொல்லிவிட்டது. 94 பிள்ளைகள். எந்தக் கூப்பனிலும் அபாய மணி, இரண்டாவது வாசல், தீயணைப்புக் கருவி, குடிநீர்த் தொட்டியின் மூடி ஆகியவற்றுக்கு விலை போட்டிருப்பதில்லை. நுழைவு வளைவுக்குக் கல்லில் பெயர் பொறித்து ஸ்பான்சர் தேடலாம், செப்டிக் டேங்குக்கு யார் பெயரைப் பொறிப்பது!

கட்டடத்தைவிட ஆளைப் பற்றிக் கேட்பது இன்னும் கூச்சமான வேலை. கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில், 2024 ஆகஸ்டில், என்.சி.சி. முகாம் என்ற பெயரில் சில நாள் முகாம் நடந்தது. மாணவிகள் பள்ளியிலேயே தங்கினார்கள். நடத்தியவருக்கும் என்.சி.சி.க்கும் சம்பந்தமே இல்லை என்பது, சிறுமிகள் பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரிந்த பிறகுதான் வெளிவந்தது. விஷயம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். சீருடை, விசில், பேனர் இவ்வளவுதான் அடையாள அட்டை. யார் என்று ஒரு போன் போட்டு யாரும் விசாரிக்கவில்லை.

ஊழியக்காரர், வாலிபத் தலைவர், பாட்டு டீச்சர் என்று முகாமுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் சொந்தப் பணம் போட்டு உழைக்கிற நல்லவர்கள். அதனால்தான் கெட்டவனுக்கு அங்கே நுழைவது சுலபம். போக்சோ சட்டம், 2012, மத நிறுவனத்தின் நிர்வாகியோ ஊழியரோ அங்குள்ள குழந்தையிடம் அத்துமீறினால் அதைக் கடுமையான குற்றமாகப் பிரித்து வைத்திருக்கிறது. தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதும் குற்றம். நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. 'சபையின் பெயர் கெட்டுவிடும், உள்ளேயே பேசி முடிப்போம்' என்பது இந்தச் சட்டத்தின் முன் ஒரு வாதமே அல்ல. முகாமுக்கு அனுப்பும்முன் பெற்றோர் கையெழுத்துப் போடுகிற தாளில் 'எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்றிருந்தாலும், அலட்சியத்துக்கு அந்தத் தாள் குடை பிடிக்காது. 1995இல் பஞ்சாப் பகுதிப் பள்ளியொன்றிலிருந்து சுற்றுலா போன 14 பிள்ளைகள் பியாஸ் ஆற்றில் மூழ்கினார்கள். ஆசிரியர்களின் அலட்சியத்துக்குப் பள்ளி நிர்வாகமே பொறுப்பு என்று சொல்லி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2001இல் உறுதிசெய்தது.

தவறு நடந்துவிட்டது என்று தோன்றினால் எங்கே போவது? மகாராஷ்டிரத்தில் அறக்கட்டளைகளுக்கென்றே ஓர் ஆணையர் இருக்கிறார். தமிழ்நாட்டில் அப்படி ஒருவர் இல்லை. கோயிலுக்கு அறநிலையத் துறை, வக்பு சொத்துக்கு வாரியம், தேவாலயச் சொத்துக்கு மட்டும் ஏன் சட்டப்படியான அமைப்பு இல்லை என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே 2024 அக்டோபரில் ஒரு வழக்கில் கேட்டது. ஆகவே வழி சுற்று வழிதான்.

முதல் படி பொருளாளருக்கு ஒரு கடிதம், கையில் நகல். பிரதான சபைகளில் பாஸ்டரேட் கமிட்டி, வருடாந்தரக் கூட்டம், ஆடிட் எல்லாம் விதியிலேயே உண்டு. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று பிறந்ததே தேனாம்பேட்டைப் பக்கத்துக் கதீட்ரல் சாலையில்தான், ஓர் அமைப்பு விதியோடு. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஐயாயிரத்துக்கு எடுக்கிற தைரியம் உள்ளவர்கள், கணக்கு வாசிக்கிற கூட்டத்துக்கு மட்டும் வராமல் இருந்துவிடுகிறார்கள். சுயாதீன சபை என்றால் அறக்கட்டளைப் பத்திரத்தில் யார் யார் பெயர் என்று பார்க்க வேண்டும். கணவர், மனைவி, மகன், மருமகன் என்று இருந்தால் யாரிடம் கணக்குக் கேட்பது என்பதற்கும் அதிலேயே பதில் வந்துவிடும்.

முகாமை நடத்துவது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவான சங்கமானால், மாவட்டப் பதிவாளர் 36ஆம் பிரிவில் விசாரணை நடத்தலாம். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கேட்டாலும் நடத்தலாம், தானாகவும் நடத்தலாம். சங்கத்துக்கு எதிராக நேரடியாக ஆர்டிஐ போட முடியாவிட்டாலும், பதிவாளர் சட்டப்படி அந்தச் சங்கத்திடமிருந்து பெறக்கூடிய தகவலைப் பதிவாளர் அலுவலகத்திடம் கேட்கலாம் என்று 2013இல் கேரளக் கூட்டுறவு வங்கி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. பொது அறக்கட்டளை என்றால் அதில் அக்கறையுள்ள இரண்டு பேர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதியோடு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். நிர்வாகியை நீக்கவும் கணக்கை ஒப்படைக்கச் சொல்லவும் கேட்கலாம். ஏமாற்றி வாங்கியிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு, நம்பிக் கொடுத்ததைக் கையாடியிருந்தால் 316. புகார் எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம்.

போலி கியூஆரில் பணம் போய்விட்டதென்றால் கடிதம் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் இன்னொரு கணக்குக்குத் தாவும். குழந்தை சம்பந்தப்பட்டதானால் குழந்தைகள் உதவி எண் 1098, எந்த நேரமும். கட்டணம் வாங்கி நடத்திய முகாமில் சேவைக் குறைபாடு என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரையிலான பரிவர்த்தனைக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. 80ஜி பெயரைச் சொல்லி ஏமாற்றியிருந்தால் நுங்கம்பாக்கம் வருமான வரி அலுவலகத்துக்கு ஒரு மனு. இத்தனைக்கும் ஆதாரம் அந்த ஐந்நூறு ரூபாய்க் கூப்பன்தான். அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஒரு போட்டோவாவது பிடித்து வைத்தால் உண்டு.

மேசைக்கு வருகிற எல்லாரும் கூச்சப்படுகிறவர்கள் அல்ல. மகளை அந்த வருஷம் முதல் தடவையாக முகாமுக்கு அனுப்பப்போகிற ஓர் அம்மா கூப்பனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜன்னலுக்கு விலை இருந்தது. கட்டிலுக்கு இருந்தது. "தம்பி, பொண்ணுங்க பாத்ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா? ராத்திரி லைட் எரியுமா?" என்று கேட்டார். பையன் பக்கத்திலிருந்தவனைப் பார்த்தான். அவனுக்கும் தெரியவில்லை. "ஒரு நிமிஷம் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுக் கமிட்டிக்காரர் யாரையாவது தேடி உள்ளே ஓடினான். அந்த அம்மா பர்சைத் திறக்காமல் மேசையருகிலேயே நின்றார்.